ஏழாவது கையெழுத்து

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இது கூடவா உனக்குத் தெரியவில்லை" என்று பிறகு யாரும் என்னைக் கேட்க வேண்டாம். எட்டாயிரம் புத்தகம் இருந்த வீட்டில் இருபது வருஷம் வேலை பார்த்தவள் நான். தூசி தட்டியதைத் தவிர ஒன்றையும் திறந்ததில்லை.

எங்கள் ஊர் சாந்தாஃபேயில் அதைச் செடி வீடு என்பார்கள். பாதிரியாரும் வைத்தியருமான தோன் பல்தசாரின் வீடு. ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்து, எங்கள் மலைகளில் காலங்காலமாக முளைத்துக்கொண்டிருந்த புல் பூண்டுக்கெல்லாம் புதிதாகப் பெயர் வைத்துக்கொண்டே கிழவரானவர். அவர் செத்தபோது அந்தப் புத்தகங்களை விட்டுப் போனார். எங்கோ பனி நாட்டுப் பண்டிதர்கள் அவருக்கு எழுதிய கடிதங்களை விட்டுப் போனார். ஓவியர்கள் எழுதிய செடிப் படங்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. இருபதாயிரம் உலர்ந்த செடிகளும் இருந்தன. அவருடைய அண்ணன் மகன் தோன் கிரிசாந்தோ புத்தகங்களையும் கடிதங்களையும் பார்த்துக்கொண்டார். என் புருஷன் லினோ படம் எழுதுகிறவர்களில் ஒருவர். உலர்ந்த செடிகள் என் பொறுப்பு.

ஒரு செடியைக் காய வைப்பது ஏதோ துணி காயப்போடுவது மாதிரி என்று நினைக்காதீர்கள். செடியை இரண்டு தாளுக்கு நடுவில் விரித்து, மேலே பலகையும் கல்லும் வைக்க வேண்டும். தாள் ஈரத்தைக் குடிக்கும். மறுநாள் ஈரத் தாளை உருவிவிட்டுக் காய்ந்த தாளை வைக்க வேண்டும். உருவிய தாள் முற்றத்தில் வெயில் காய்ந்து அடுத்த செடிக்குப் போகும். இப்படி ஒரு தாள் நூறு செடியைப் பார்த்துவிட்டுத்தான் ஓரிடத்தில் நிற்கும். எந்தத் தாள் எந்தச் செடியிடம் இருக்கிறது என்று கேட்டால் கடவுளே தலையைச் சொறிவார்.

ராஜா வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் தாங்களே ஆண்ட அந்த ஆறு வருஷமும் ஸ்பெயினிலிருந்து கப்பல் வரவில்லை. தாளும் வரவில்லை. பக்கத்துக் கட்டிடம் நகர சபை. அவர்கள் எழுதிக் கிழித்துப் போட்டதையெல்லாம் தோன் கிரிசாந்தோ கை நிறைய அள்ளி வந்து என் மேஜையில் போடுவார். எழுதாத தாள் மாதிரியே எழுதின தாளும் ஈரம் குடிக்கும். நான் செடிகளுக்கு நடுவில் வைத்தேன். என்ன எழுதியிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு ராஜாவின் படை திரும்பி வந்தது. சதுக்கத்தில் வாரம் இரண்டு முறை சுட்டார்கள். செடி வீட்டை அப்படியே பெட்டிகளில் அடைத்து மாட்ரிடுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு என்று கேப்டன் பெர்னால் என்பவன் வந்து நின்றான். முரடனாக இருந்திருந்தால் தேவலை. இவன் புத்தக அறைக்குள் நுழையும்போது தொப்பியைக் கழற்றினான். ஒவ்வொரு கடிதத்தையும் முழுசாகப் படித்தான். படிக்கத் தெரிந்தவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் பார்த்தேன். முதல் கட்டுச் செடிகளைப் பிரித்ததும், ஒரு பெரணிக்கு அடியில் நகர சபையின் அறிவிப்பு ஒன்று கிடைத்தது. அதில் பெயர் இருந்த எழுத்தரை மூன்றாம் நாள் சுட்டார்கள். அதன் பிறகு செடிக்கு அடியில் இருக்கும் தாளையும் படிக்க வேண்டும் என்று கேப்டன் தன் குமாஸ்தாவுக்குச் சொல்லிவிட்டான்.

அன்று மத்தியானம் லினோ சூப்பைத் தொடவில்லை. கேட்டால் சுவரைப் பார்த்தார். கரண்டியைப் பிடுங்கி வைத்துவிட்டுத் திரும்பக் கேட்டேன்.

"ராஜா வேண்டாம்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டோமே, ஞாபகம் இருக்கா? நம்ம வீட்டாளுங்க ஏழு பேரு."

"அதான் சபைக்காரங்க ஓடறப்ப எரிச்சுட்டாங்கன்னு சொன்னியே."

"எரிச்சது ரெண்டாவது தாளு. முதல் தாள்ல எவனோ மசியைக் கொட்டிட்டான். மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மசி கொட்டினது குப்பைக்குப் போச்சு."

குப்பை எங்கே போனது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்தத் தாளை நானே கையால் தடவி, சுருக்கம் நீக்கி, ஏதோ ஒரு செடிக்கு மெத்தையாகப் போட்டிருக்கிறேன். "ஏய்யா, இதை இத்தனை நாள் சொல்லாம என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?" என்றேன். மறந்துவிட்டதாம். கழுத்தைக் கொண்டுபோய் ஒரு தாளில் மாட்டிவிட்டு மறந்துவிட்டார்.

படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தத் தாளை என்னால் கண்டுபிடிக்க முடியும் என்று நினைத்தேன். பெரிய மசிக் கறை, அடியில் ஏழு கையெழுத்து. எங்கள் ஊரில் பெயரை எழுதினால் மட்டும் கையெழுத்து ஆகிவிடாது. பெயருக்கு அடியில் ஒரு சுழிப்புப் போட வேண்டும், ஆளுக்கு ஒரு விதமாக. லினோவின் சுழிப்பு எனக்குத் தூக்கத்திலும் தெரியும். மூன்று வளையம், நடுவில் இரண்டு புள்ளி, கடைசியில் பூனை வால் மாதிரி ஒரு இழுப்பு. கல்யாணத்துக்கு முன்பு அவர் என்னைப் படக் கூடத்துக்குக் கூட்டிப் போனார். குருபாக் கொடியின் பூவை எழுதிய படம் ஒன்று மேஜையில் இருந்தது. அந்த இளஞ்சிவப்பைப் பார்த்து நான் வாயடைத்து நின்றேன். "நான் எழுதினது" என்று கீழே இருந்த சுழிப்பைத் தொட்டுக் காட்டினார். பாதிக் கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்டது.

செடிகளைக் கட்டிலிருந்து எடுத்து, பூச்சி அரிக்காமல் புகையிலை தூவி, எண்ணிக் குமாஸ்தாவிடம் கொடுப்பது என் வேலை. அவன் தாளைப் படித்துவிட்டுப் பெட்டியில் வைப்பான். அவனுக்கு ஒரு கட்டு முன்னால் நான் ஓட வேண்டும். ஒன்பது நாள் ஓடினேன். வாசலில் ஒரு சிப்பாய் நின்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பான். தும்மினால்கூடத் திரும்பிப் பார்ப்பான். தோன் கிரிசாந்தோ பக்கத்து அறையில் புத்தகங்களைத் தோல் போர்த்திய பெட்டிகளில் அடுக்கிக்கொண்டே, எதை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்று தனக்குத்தானே சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் அவர் பெயரும் உண்டு என்று லினோ சொல்லியிருந்தார். அவரிடம் சொல்லி இரண்டு பேராகத் தேடியிருக்கலாம். சொன்னால் கிழவர் பதறிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார் என்று சொல்லவில்லை.

பத்தாம் நாள் காலை அது கிடைத்தது. பால் வடியும் செடி ஒன்றின் அடியில். அந்தப் பால் காய்ந்தால் பசை. இலையும் தாளும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பொருளாகிவிட்டிருந்தன. இழுத்தால் இலை பொடிப்பொடியாக உதிரும். அந்தக் கட்டில் எத்தனை செடி என்று குமாஸ்தா காலையிலேயே எண்ணி எழுதிவிட்டான். ஒன்று குறைந்தால் ராஜாவின் சொத்தைத் திருடியதாக ஆகும். ஆவி காட்டினால் பசை இளகும், ஆனால் அதற்கு அடுப்பு வேண்டும், கேத்தல் வேண்டும், அரை மணி நேரம் வேண்டும். குமாஸ்தாவோ முற்றத்தில் சாக்லேட் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஆறு கையெழுத்து இலைக்கு அடியில் இருந்தன. ஓரத்தில் ஒன்று மட்டும் வெளியே இருந்தது. மூன்று வளையம், இரண்டு புள்ளி, வால். மாதாவே என்று மனசுக்குள் கும்பிட்டேன். காம்பு சீவும் கத்தி கையில் இருந்தது. சிப்பாய் கொட்டாவி விட்ட நேரத்தில் அந்த மூலையை மட்டும் அறுத்து மார்ச்சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். மற்ற ஆறு பேரையும் நினைக்காமல் இல்லை. இரண்டு பேர் சண்டையில் செத்தாயிற்று, இரண்டு பேர் சமவெளிக்கு ஓடிவிட்டார்கள். மிச்சம் தோன் கிரிசாந்தோவும் இன்னொருவரும். இலை மூடியிருக்கிறது, குமாஸ்தா கண்ணில் படாது என்று சொல்லிக்கொண்டேன். பட்டால் அவரவர் பாடு என்றும் சொல்லிக்கொண்டேன். அப்படியே புகையிலை தூவி, கட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு ஓடினேன். லினோ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். துண்டை மேஜையில் வைத்து, "இந்தா, உன் கழுத்து. பத்திரமா வெச்சுக்கோ" என்றேன். எனக்கு அப்போது அவ்வளவு பெருமை.

அவர் அதைப் பார்த்தார்.

"இது என்னோடது இல்ல."

"கண்ணு அவிஞ்சு போச்சா? மூணு வளையம், ரெண்டு புள்ளி. குருபாப் பூவுல இருக்கறது."

"குருபாப் பூ நிகானோர் எழுதினது."

நான் இன்னொருவர் என்று சொன்னது இவரைத்தான். நிகானோர் என் மகளுக்கு ஞானத்தகப்பன். அதனால் எனக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு நான் கொமாத்ரே. கூடப் பிறந்தவர்களைவிட ஒருபடி மேல். செடி வீட்டிலேயே கை தேர்ந்த ஓவியர் அவர்தான் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் மட்டும் உதட்டைப் பிதுக்குவேன், என் புருஷன் எழுதிய குருபாவைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பேன். அப்போது மற்ற ஓவியர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். பொறாமை என்று நினைத்துக்கொள்வேன். பதினாலு வருஷம் அந்தப் படக் கூடம் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

"எதுக்குய்யா சொன்னே?" என்று கேட்டேன்.

"நீ அப்படி நின்னுக்கிட்டு இருந்தே, ரொமுவால்தா. யாரும் என் படத்துக்கு முன்னால அப்படி நின்னதில்ல. அப்புறம் எப்ப சொல்றது? ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் சொல்லலாம்னு இருந்தேன்."

தாளை எப்படியாவது எடுத்துவிடலாம் என்று, துண்டை மறுபடி மார்ச்சட்டைக்குள் போட்டுக்கொண்டு திரும்ப ஓடினேன். கட்டு கேப்டனின் மேஜைக்குப் போய்விட்டது. பழுத்த தாளின் மூலையில் புது வெட்டு வெள்ளையாகத் தெரிந்ததாம். அது மட்டும் இல்லாவிட்டால் குமாஸ்தா கவனித்திருக்கவே மாட்டான். கேப்டன் கேத்தலைக் கொண்டுவரச் சொல்லி, ஆவி காட்டி, இலையை அழகாகப் பிரித்து எடுத்தான். இலைக்கு ஒரு கீறல் இல்லை என்று பிறகு சொன்னார்கள். மாலை மணி அடிக்கும் முன்பே தோன் கிரிசாந்தோவைப் புத்தகப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்தும், லினோவைத் தெருமுனையிலிருந்தும் பிடித்துப் போனார்கள். லினோ தொப்பியைத் தேடிக்கொண்டு தாமதித்திருந்தார். தொப்பி இல்லாமல் ஓடக் கூச்சமாம்.

மறுநாள் கேப்டன் என்னைக் கூப்பிட்டனுப்பினான். உட்காரச் சொன்னான். தாளை என் பக்கம் திருப்பி, வெட்டின மூலையில் விரலை வைத்தான்.

"ஏழு பேர் சத்தியம் பண்ணியிருக்காங்க. ஆறு பெயர்தான் இருக்கு. அந்த அறையில கத்தி வெச்சிருந்தது நீ ஒருத்திதான். உன்னைப் பிடிச்சு எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. எனக்கு ஏழாவது ஆள் வேணும்."

வெறும் பெயரைச் சொன்னால் போதாதாம், பயத்தில் யாரும் யார் பெயரையும் சொல்வார்களாம். அந்தத் துண்டைக் கொண்டுவர வேண்டுமாம். வெட்டோடு பொருந்த வேண்டுமாம். கொண்டுவந்தால் லினோவைச் சுடாமல் கடற்கரைக் கோட்டைக்குக் கல் உடைக்க அனுப்புவானாம். வெள்ளிக்கிழமை காலை வரை நேரம் கொடுத்தான். அன்று புதன். நிகானோருக்கு அவன் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

சிறையில் லினோவைப் பார்க்க விட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். துண்டு என்னிடம்தான் இருக்கிறது, நீ தலையாட்டினால் போதும் என்றேன். அவர் தலையாட்டவில்லை.

"பதினாலு வருஷம் அவன் படத்தைத் திருடித் தின்னேன். இப்ப அவன் உயிரையும் திருடித் தரச் சொல்றியா?"

"உன் மகளுக்கு அப்பன் வேணும்."

"அவனுக்கு நாலு பிள்ளைங்க."

அவரைத் திட்டினேன். என் வாயில் என்னென்ன வந்ததோ எல்லாம் சொன்னேன். பொய்யன் என்றேன், கையாலாகாதவன் என்றேன், தொப்பி தேடினவன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மூலையில் தோன் கிரிசாந்தோ வைக்கோல் மேல் படுத்திருந்தார். புறப்படும்போது கூப்பிட்டு, கடிதப் பெட்டிகளை ஈரச் சுவரோரம் வைக்க வேண்டாம் என்று சிப்பாய்களிடம் சொல்லச் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டு நாளும் அந்தத் துண்டு என் மார்ச்சட்டையில் இருந்தது. கேப்டனின் வாசல் வரைக்கும் இரண்டு தரம் போய்த் திரும்பினேன். என் கையால் கொடுத்தால் நான் கொம்பாத்ரேயைக் காட்டிக்கொடுத்தவள். என் பெண் கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கும் நாளில் அவள் தோளில் கை வைக்க வேண்டியவரை விற்றவள். ஆனால் அவருக்கே தெரிந்து அவரே போய் நின்றால்? அது வேறு. வியாழக்கிழமை மத்தியானம் இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு நிகானோர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் வருவார் என்றே நம்பினேன். லினோவும் அவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

அவர் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் தூரிகை முடி கட்டிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மசி கொட்டிய தாள், பால் செடி, கத்தி, கேப்டன் கேட்டது, லினோ மறுத்தது. குருபாப் பூவைப் பற்றிச் சொல்லும்போது அவர் நிமிர்ந்தார்.

"அவன் உங்ககிட்ட அப்படிச் சொல்லிக்கிட்டது எனக்குத் தெரியும், கொமாத்ரே. போகட்டும்னு விட்டுட்டேன்."

துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இதை நான் கேப்டன்கிட்ட கொண்டுபோக மாட்டேன். உங்க பெயரு, உங்க கையில குடுத்துட்டேன். என்ன பண்ணணுமோ நீங்களே பண்ணுங்க. நாளைக்குக் காலை வரைக்கும் நேரம் இருக்கு."

அவர் தன் சுழிப்பை விரலால் ஒரு தரம் தடவினார். உள்ளே அவர் பிள்ளைகள் எதற்கோ அடித்துக்கொண்டன, அவர் மனைவி அதட்டினாள். அவர் கையை நீட்டிக் கணப்புச் சட்டியின் மேல் கவிழ்த்தார். சின்னத் துண்டு, ஒரு மூச்சில் போய்விட்டது. பிறகு அவர் தூரிகையை எடுத்துக்கொண்டார். முடியைக் கட்ட வரவில்லை, அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். என்னைப் பார்க்கவே இல்லை.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். லினோவைத் திட்டிய அத்தனை வார்த்தையும் நாக்கில்தான் இருந்தன. இரண்டு நாளைக்கு முன்பு மற்ற ஆறு பேரை இலைக்கு அடியில் விட்டுவிட்டு ஒரு மூலையை மட்டும் அறுத்தவள் நான். இவரை என்ன என்று சொல்வது? அவர் மனைவி சாக்லேட்டும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள், லினோவுக்கு ஜெபம் பண்ணுவதாகச் சொன்னாள். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சிறை வாசலில் சொல்லிக்கொள்ள விட்டார்கள். லினோ முகம் கழுவி, தலை வாரியிருந்தார். மகளைப் பற்றிக் கேட்டார். பிறகு என் காதோரம் குனிந்தார்.

"நிகானோர்கிட்ட ஒண்ணும் சொல்லிடலையே?"

நான் அவர் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

"சொல்லிடாதே, ரொமுவால்தா. அவனுக்குத் தெரிஞ்சா நேரா வந்து நின்னுடுவான். அப்படிப்பட்ட ஆளு அவன்."

"சொல்லல" என்றேன்.